தண்ணி வந்திருச்சு

“தண்ணி வந்திருச்சு.”

இவ்வளவுதான் பதிவு. படம் இல்லை, ஹேஷ்டேக் இல்லை, எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒன்றும் இல்லை. எக்செல் கோப்பில் அதற்கு எதிரே இருந்த கட்டத்தில் நான்கில் ஒன்றைப் போட வேண்டும்: உதவி, தகவல், சேதம், பொருந்தாது.

குழாயில் தண்ணீர் வந்தாலும் இப்படித்தான் சொல்வோம். வாசற்படியைத் தாண்டி வீட்டுக்குள் வந்தாலும் இப்படித்தான் சொல்வோம். வாயால் சொன்னால் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம், எழுத்தில் குரல் ஏது? நான் ‘பொருந்தாது’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு செய்த தன்னார்வ வேலை இது. வெள்ளம், புயல் என்று ஒரு நகரம் தத்தளிக்கும்போது சமூக ஊடகங்களில் கொட்டும் தமிழ்ப் பதிவுகளிலிருந்து, உதவி கேட்பவற்றைக் கணினி தானாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். அதற்கு முதலில் மனிதர்கள் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான பழைய பதிவுகளைப் படித்து, இது இன்ன வகை என்று குறித்துத் தர வேண்டும். ‘லேபிள் போடுறது’ என்போம். ஒவ்வொரு பதிவையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்போம். ஒத்துப்போனால் சரி, இல்லையென்றால் மூன்றாவது ஆளுக்குப் போகும். என்னோடு ஜோடியாகப் பார்த்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பொறுமைசாலி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்தத் தண்ணிப் பதிவில் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அதை அப்புறம் சொல்கிறேன்.

முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்துவிட்டது. நாம் சாதாரண நாளில் பேசுவதே பேரிடர் மொழியில்தான். வேலையில் மூழ்கிவிட்டேன் என்கிறோம். கூட்டம் வெள்ளமாய்த் திரண்டது என்கிறோம். செய்தியைக் கேட்டு ஆடிப்போகிறோம், விவாதத்தில் அனல் பறக்கிறது, யாரோ தீயாக வேலை செய்கிறார். கணினி இதையெல்லாம் படித்தால் தினமும் ஊர் அழிந்துகொண்டிருப்பதாகத்தான் நினைக்கும். உண்மையிலேயே மாட்டிக்கொண்டவர் எழுதுவதோ வேறு மாதிரி இருக்கிறது. உவமை எதுவும் இருக்காது. “மாடிக்கு வந்துட்டோம். அம்மாவால ஏற முடியல.” இப்படி.

இந்த வித்தியாசத்தை அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தில் சிலர் எப்போதோ பிடித்துவிட்டார்கள் என்று பிறகு படித்தேன். பால் எர்ல் என்ற நிலநடுக்கவியலாளரின் குழு, ட்விட்டரில் ‘நிலநடுக்கம்’ என்ற சொல் பல மொழிகளில் திடீரென்று பெருகுவதை வைத்தே நடுக்கத்தைக் கண்டறியப் பார்த்தது. நிலநடுக்கமானியில் வரும் அதிர்வைப் பிடிக்க ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது: கடைசிச் சில நொடிகளின் சராசரியை, அதற்கு முந்தைய நீண்ட நேரச் சராசரியோடு ஒப்பிடுவது. அதே கணக்கை ட்வீட்டுகளின் எண்ணிக்கை மேல் போட்டார்கள். குப்பையை வடிகட்டிய விதம்தான் எனக்குப் பிடித்தது. ஏழு சொற்களுக்கு மேல் போகும் ட்வீட்டை ஒதுக்கினார்கள். இணைப்பு இருந்தாலும், ரிக்டர் போன்ற எண் இருந்தாலும் ஒதுக்கினார்கள். காலடியில் தரை ஆடும்போது யாரும் புள்ளிவிவரம் எழுதுவதில்லை, “நிலநடுக்கமா?” என்று ஒரே சொல்லில் கேட்பதோடு சரி.

2011-ல் வெளியான அவர்களது கட்டுரைப்படி, ஐந்து மாதத் தரவில் 48 நடுக்கங்கள் பிடிபட்டன, தவறான எச்சரிக்கை இரண்டுதான். பிடிபட்டவற்றில் முக்கால்வாசி இரண்டு நிமிடத்துக்குள். 2014 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் நாப்பாவில் பூமி அதிர்ந்தபோது 29 நொடிகளில் தகவல் வந்துவிட்டது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சகாகியும் அவருடைய சகாக்களும் 2010-லேயே இதே போன்ற ஒன்றைச் செய்து காட்டியிருந்தார்கள். ட்விட்டர் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் ஒரு உணர்கருவி என்பது அவர்களுடைய பார்வை.

அந்த 48 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணும் அதே கட்டுரையில் இருக்கிறது. அந்த ஐந்து மாதங்களில் கருவிகள் பதிவுசெய்த நடுக்கங்கள் 5,175. மற்றவை ஆளில்லாத இடத்தில் வந்தன, அல்லது யாரும் உணராத அளவுக்குச் சிறியவை, அல்லது உணர்ந்தவர்கள் ட்விட்டரில் இல்லை. ஆளில்லாத இடத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அந்தக் கடைசி வகைதான் இடிக்கிறது. அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், உணரவும் செய்தார்கள், கருவியின் காதில் மட்டும் விழவில்லை.

நிலநடுக்கத்துக்குக் கருவிகள் இருப்பதால் இந்த ஓட்டை தெரிகிறது. நகரத்து வெள்ளத்துக்கு? தெருவுக்குத் தெரு நீர்மட்டம் அளக்கும் கருவி பெரும்பாலான நகரங்களில் இல்லை. ஒரு தெருவில் கணுக்கால் அளவு, அடுத்த தெருவில் கழுத்தளவு என்று இருக்கும். அதனால்தான் எல்லோருக்கும் சமூக ஊடகத் தரவின் மேல் ஆசை. அந்த ஆசையோடு போனால் எப்படி ஏமாறலாம் என்பதை 2012-ல் நியூயார்க் காட்டியது.

சாண்டி சூறாவளி அக்டோபர் 29 இரவு கரையைக் கடந்தது. அதையொட்டிய சில நாட்களில் அது பற்றி 2 கோடிக்கும் மேற்பட்ட ட்வீட்டுகள். ஆராய்ச்சியாளர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் மன்ஹாட்டன் முழுக்க ஜொலித்தது. புயலின் மையமே அங்கேதானோ என்று தோன்றும். ஆனால் அதிகம் அடிவாங்கிய பிரீஸி பாயின்ட், கோனி ஐலண்டு, ராக்கவே போன்ற கடலோரப் பகுதிகளிலிருந்து வந்தவை சொற்பம். பிரீஸி பாயின்டில் வெள்ளத்துக்கு நடுவே தீப்பிடித்து நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. மின்சாரம் போனால் செல்போன் கோபுரம் போகிறது, பேட்டரி போகிறது, ஆளும் வரைபடத்திலிருந்து போய்விடுகிறார். கேட் க்ராஃபோர்டு என்ற ஆய்வாளர் மறு ஆண்டே இதைச் சுட்டிக்காட்டி எழுதினார். அந்த வரைபடம் காட்டியது புயலை இல்லை, சார்ஜ் உள்ள போன்களை.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை மறைத்தால் நியாயமாகாது. 2016-ல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு இதே சாண்டித் தரவை வேறு விதமாக அணுகியது. மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, அஞ்சல் குறியீட்டுப் பகுதி வாரியாகத் தலைக்கு எத்தனை ட்வீட் என்று பார்த்தது. புயலுக்குப் பிந்தைய நாட்களில் அந்த விகிதம் தலைக்கு எவ்வளவு பொருட்சேதம் என்பதோடு கணிசமாக ஒத்துப்போனது. நிவாரணத்தை எங்கே அதிகம் ஒதுக்குவது என்று அடுத்த வாரம் உட்கார்ந்து திட்டம் போடுகிறவர்களுக்கு இது நிஜமாகவே உதவும். ஆனால் அன்றிரவு படகை எந்தத் தெருவுக்குத் திருப்புவது என்று கேட்டால் இதனிடம் பதில் கிடையாது. இந்த இரண்டு வேலைகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதை நான் பல விளக்கக் கூட்டங்களில் பார்த்துவிட்டேன். திரையில் வண்ண வரைபடம் வந்ததும் யாருக்கும் கேள்வி கேட்கத் தோன்றுவதில்லை.

படகு என்றதும் முகவரி ஞாபகம் வருகிறது. ட்வீட்டுகளில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் ஜிபிஎஸ் இடக்குறிப்பு இருந்தது. 2019-ல் துல்லியமான இடக்குறிப்பு வசதியை ட்விட்டரே பெரும்பாலும் எடுத்துவிட்டது. மிச்சமிருப்பது மனிதர்கள் தாங்களாக எழுதும் வழி. நான் லேபிள் போட்ட பதிவுகளில் அது எப்படி இருந்தது தெரியுமா? “பழைய ஆபீஸ் பின்னாடி”, “டேங்க் பக்கத்துல”, “அதே தெரு, கடைசி வீடு”. உள்ளூர்க்காரருக்கு இது போதும். கணினிக்கு இது பழைய ஆபீஸ் என்ற சொல், அவ்வளவே.

அதைவிடப் படுத்தியது ஃபார்வர்டு. மூன்றாவது மாடியில் ஒரு குடும்பம், கைக்குழந்தை, பால் இல்லை என்று ஒரு கோரிக்கை. அதை நகலெடுத்து இன்னொருவர், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மற்றொருவர், தேதியை வெட்டிவிட்டு இன்னும் பலர். எத்தனை முறை வந்தது என்று எண்ணிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டேன். முதல் பதிவின் கீழேயே, அன்று சாயங்காலமே, “வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க, நன்றி” என்று அந்தக் குடும்பத்தவர் எழுதியிருந்தார். அந்த நன்றியை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை. கோரிக்கை இரண்டு நாள் கழித்தும் சுற்றிக்கொண்டிருந்தது. பகிர்ந்த யாரும் கெட்டவர்கள் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாமல் எதையாவது செய்ய நினைத்தவர்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு புதுக் கோரிக்கை அமுங்கிப்போயிருந்தால் யாருக்குத் தெரியும்?

இங்கேதான் ஜகார்த்தாக்காரர்கள் செய்ததைச் சொல்ல வேண்டும். பதின்மூன்று ஆறுகள் பாயும் நகரம், வடபகுதி ஏற்கெனவே கடல்மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்துகொண்டிருக்கிறது. வெள்ளம் அங்கே விருந்தாளி இல்லை, வருடம் தவறாத வாடகைதாரர். ட்விட்டர் பயன்பாட்டிலும் அப்போது உலகின் முன்னணி நகரங்களில் ஒன்று. 2014 டிசம்பரில் ‘பெத்தா ஜகார்த்தா’ என்ற திட்டத்தை ஆஸ்திரேலியாவின் வுல்லங்காங் பல்கலைக்கழகமும் நகரின் பேரிடர் மேலாண்மை முகமையும் சேர்ந்து தொடங்கின. பெத்தா என்றால் வரைபடம். அந்த நாட்களில் யாராவது ‘பஞ்சிர்’, அதாவது வெள்ளம், என்று ட்வீட் போட்டால் உடனே ஒரு தானியங்கிப் பதில் போகும்: நீங்கள் இருக்கும் இடத்தில் வெள்ளமா? அப்படியென்றால் லொகேஷனை இயக்கிவிட்டு எங்களுக்கு எழுதுங்கள். அவர் அப்படி எழுதினால் மட்டும் வரைபடத்தில் புள்ளி விழும். அந்த வரைபடத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

முதலில் படித்தபோது இதில் என்ன பெரிய தொழில்நுட்பம் என்றுதான் நினைத்தேன். லேபிள் கோப்போடு மல்லுக்கட்டிய பிறகுதான் உறைத்தது. நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒட்டுக்கேட்பது. சுவரில் காதை வைத்து, உள்ளே பேசுவது சண்டையா சிரிப்பா என்று யூகிக்கும் வேலை. அவர்கள் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டார்கள். தமிழில் ‘கேட்பது’ என்ற ஒரே சொல்தான் இரண்டுக்கும் இருக்கிறது, காதால் கேட்பதற்கும் வாயால் கேட்பதற்கும். நம்முடைய பெரும்பாலான திட்டங்கள் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. இரண்டாவது பாதிக்குப் பெரிய மென்பொருள், பெரிய சர்வர் எதுவும் தேவையில்லை. ஆனால் பதில் வந்தால் அதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். கேட்டுவிட்டோமே! அதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை என்பது என் சந்தேகம். ஒட்டுக்கேட்பவருக்குப் பொறுப்பு கிடையாது.

அதே திட்டம் பிறகு ‘பெத்தா பென்ச்சானா’ என்று, அதாவது பேரிடர் வரைபடம் என்று, ஜகார்த்தாவுக்கு வெளியேயும் போனது. டெலிகிராம் போன்ற மற்ற செயலிகளிலிருந்தும் தகவல் தரலாம் என்றானது.

வதந்தி விஷயத்திலும் இதே கதைதான். சாண்டியின்போது தெருவில் சுறா நீந்தும் படம் பரவியது. நியூயார்க் பங்குச்சந்தைக் கட்டடத்துக்குள் மூன்றடித் தண்ணீர் என்று ஒரு பொய் தொலைக்காட்சிச் செய்தி வரை போனது. டெல்லியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அந்தப் போலிப் படங்கள் பற்றிய பத்தாயிரத்துச் சொச்சம் ட்வீட்டுகளைப் பிரித்து மேய்ந்தார்கள். 86 சதவீதம் வெறும் ரீட்வீட். அந்த ரீட்வீட்டுகளில் 90 சதவீதத்துக்குக் காரணம் முப்பதே முப்பது கணக்குகள். ‘மக்கள் வதந்தி பரப்புகிறார்கள்’ என்று பொத்தாம்பொதுவாகத் திட்டுவதற்கு முன்னால் அந்த முப்பதை நினைத்துக்கொள்ளலாம்.

சுறா திரும்பவும் வந்தது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலில் ஹூஸ்டன் மூழ்கியபோது, நெடுஞ்சாலையில் நீந்துவதாக ஒரு பழைய போலிப் படம் மறுபடி சுற்றியது. அதே நாட்களில் இன்னொரு படமும் வந்தது. டெக்சஸில் ஒரு முதியோர் இல்லத்தில் இடுப்பளவு பழுப்பு நீரில் சில பாட்டிமார் நாற்காலிகளில் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். பார்த்தவர்களில் பலர் இது போலி என்று அடித்துச் சொன்னார்கள். படம் உண்மை. அன்றே அவர்கள் மீட்கப்பட்டார்கள். பொய்ப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நிஜம் பொய்யாகத் தெரிந்திருக்கிறது. ‘போலியைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு அந்தப் பாட்டிமார்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

ஹார்விக்கு அடுத்த மாதம், செப்டம்பர் 19 அன்று, மெக்சிகோ நகரத்தை 7.1 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. இடிந்த கட்டடங்களின் பட்டியல் சமூக ஊடகத்தில் மணிக்கு மணி நீண்டது. இங்கே சுத்தியல் வேண்டும், அங்கே மருந்து வேண்டும் என்று கோரிக்கைகள். எது பழசு, எது பொய், எது இன்னும் உயிரோடிருக்கும் கோரிக்கை என்று தெரியாமல், தேவையில்லாத இடத்தில் ஆட்கள் குவிந்தார்கள், தேவையான இடத்தில் ஆள் இல்லை. ‘வெரிஃபிகாடோ 19எஸ்’ என்ற பெயரில் சேர்ந்த தன்னார்வலர்கள் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ஆட்களை அந்தந்த இடத்துக்கே அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார்கள். பார்த்து உறுதிசெய்த பிறகுதான் வரைபடத்தில் ஏற்றுவது, நேரத்தையும் சேர்த்து. சைக்கிள்! எத்தனையோ கருவிகளைப் பற்றிப் படித்துவிட்டேன், இவ்வளவு பிடித்த கருவி வேறில்லை.

இன்னொரு சங்கடத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தரவுக் குழாயின் திருகு நகராட்சியின் கையிலும் இல்லை, மக்கள் கையிலும் இல்லை. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் ட்விட்டர் தன் இலவச ஏபிஐ வசதியை, அதாவது வெளியார் எழுதும் நிரல்கள் பதிவுகளைத் தானாக எடுத்துக்கொள்ளும் வழியை, நிறுத்தப்போவதாக அறிவித்தது. சில நாட்களில், பிப்ரவரி 6 அன்று, துருக்கியில் 7.8 அளவு நிலநடுக்கம். இடிபாடுகளுக்குள்ளிருந்து ஆட்கள் தாங்கள் இருக்கும் இடத்தை ட்வீட் செய்தார்கள். துருக்கி நிரலாளர்கள் இரவோடிரவாக அவற்றைத் திரட்டி வரைபடத்தில் ஏற்றினார்கள், அந்த ஏபிஐயை மூடாதீர்கள் என்று கெஞ்சவும் செய்தார்கள். பிப்ரவரி 8 அன்று நாட்டுக்குள் ட்விட்டரே பல மணிநேரம் முடக்கப்பட்டது. நிறுவனம் ஒரு பக்கம் திருகினால் அரசு மறுபக்கம் திருகுகிறது. பேச்சு முக்கால்வாசி வாட்ஸ்அப் குழுக்களுக்குள் போய்விட்ட பிறகு திறந்தவெளியில் கேட்க என்ன மிச்சமிருக்கிறது என்பது வேறு கேள்வி.

மாட்டிக்கொண்டவரைக் கண்டுபிடிக்கும் அதே வரைபடம் போராடுகிறவரையும் கண்டுபிடிக்கும். ஜியோஃபீடியா என்ற நிறுவனம் இடவாரியாகப் பதிவுகளைத் திரட்டி அமெரிக்கக் காவல்துறைகளுக்கு விற்றதும், போராட்டக்காரர்களைக் கண்காணிக்க அது பயன்பட்டதும் 2016-ல் அம்பலமானது. ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் அதன் அணுகலைத் துண்டித்தன. அன்றிலிருந்து “லொகேஷனை ஆன் பண்ணுங்க” என்று யாரிடமும் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் நாக்கு தடுக்கும். யார் கேட்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று தெரியாமல் எப்படிச் சொல்வது?

சரி, அந்தத் தண்ணிப் பதிவு.

அக்கா அதற்கு ‘உதவி’ என்று போட்டிருந்தார். வாராந்திர அழைப்பில் கேட்டேன்.

“எப்படிக்கா உறுதியாச் சொல்றீங்க?”

“நேரத்தைப் பாரு தம்பி. ராத்திரி ரெண்டே முக்கால்.”

“ராத்திரியில குழாய்ல தண்ணி வர்றதில்லையா?”

“வரும். அப்ப எழுந்து பிடிச்சு வைப்பாங்க. போன எடுத்து எழுதிட்டு இருக்க மாட்டாங்க.”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் நான் மாற்றவில்லை. ஒரு வரியை வைத்து நேரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்று விதிமுறைக் கோப்பில் இருந்தது. அக்காவும் மாற்றவில்லை. மூன்றாமவர் ‘தகவல்’ என்று போட்டார்.

‘கேட்டுப் பார்க்க வேண்டும்’ என்று ஐந்தாவதாக ஒரு வகை சேர்க்கலாமா என்று அக்கா ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டார். அவர் சிரித்துவிட்டு, இது பழைய தரவுதானே, இப்போது யாரிடம் போய்க் கேட்பது என்றார். அதுவும் சரிதான். மூவரும் மூன்று விதமாகச் சொன்ன பதிவுகளைப் பயிற்சிக் கோப்பிலிருந்து எடுத்துவிடுவது வழக்கம். கணினி குழம்பக் கூடாது இல்லையா? மாதக் கடைசியில் இறுதிக் கோப்பு வந்தபோது தேடிப் பார்த்தேன். அதற்கு முந்தைய வரியும் அடுத்த வரியும் இருந்தன.